மேனேஜரின் புத்தகத்தில் அத்தை எழுதிய தேதி

"அந்த நாட்டுல நாயே கிடைக்காதாம்மா? எதுக்கு இங்கேர்ந்து ஒண்ணை அனுப்புறீங்க?"

கால்நடைச் சான்றிதழ் அலுவலகத்தின் மூன்றாம் எண் கவுண்டரில் இருந்தவர் இப்படித்தான் கேட்டார். அதில் கேலி ஒன்றும் இல்லை. காலையிலிருந்து முத்திரை குத்திக் குத்திக் களைத்துப்போன ஒருவர், தலையை நிமிர்த்த ஒரு சாக்கு வேண்டுமென்று கேட்ட மாதிரி இருந்தது. அத்தை ஃபைலிலிருந்து அடுத்த காகிதத்தை உருவிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். எட்டு மாதமாக அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு அத்தையோடு அலைந்திருக்கிறேன். எந்தக் காகிதம் எந்தக் காகிதத்துக்குப் பின்னால் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எதற்கு என்று மட்டும் அன்று சொல்ல வரவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. வயது ஐம்பத்து நான்கு. எங்கள் வீட்டு மாடியில் ஒரே ஓர் அறை, ஒரு சின்னச் சமையல் மேடை, ஒரு ஜன்னல். அதுதான் அவள் வீடு. ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபத்து மூன்று வருடமாக வேலை செய்கிறாள். காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு விடுவார்கள். துவைப்பதும் பிழிவதும் இயந்திரம். அத்தைக்கு எண்ணுகிற வேலை. வார்டுகளிலிருந்து விரிப்பு, தலையணை உறை, போர்வை, டாக்டர்கள் போடும் பச்சை அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக இயந்திரக் கூடத்துக்குப் போகும். காய்ந்து மடிந்து திரும்பி வந்ததும் அத்தை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவேட்டில் ஏற்றி, தேதி போடுவாள்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. துணி போன தேதியை யாரும் எழுத மாட்டார்கள்.

"போற வழியில கிழியும், மாறும், எவனாவது எடுத்துத் தரை துடைப்பான்," என்பாள் அத்தை. "திரும்பி வந்து, கையில தொட்டு எண்ணினப்புறம்தான் தேதி. அதுக்கு முன்னாடி அது துணியே இல்ல."

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

மேனேஜர் என்பது நாயின் பெயர். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும், பதினோரு வயது. அது அத்தையின் நாய் இல்லை, அத்தை மகனுடையது. அவர் ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேலைக்காக வெளிநாடு போனபோது, "ரெண்டே மாசம் பாத்துக்கம்மா, வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று விட்டுவிட்டுப் போனார். அத்தைக்கு நாய் என்றாலே ஆகாது. வேலைச் சட்டையில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் சலவைப் பிரிவில் அது பெரிய குற்றம். முதல் வருடம் முழுவதும் கூட்டிக் கூட்டித் திட்டினாள். இரண்டாவது வருடம் திட்டிக்கொண்டே ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். அப்புறம் வருடத்தை எண்ணுவதை விட்டுவிட்டாள்.

பெயர் வைத்தது அப்பா. நாய் எந்நேரமும் கதவுக்குக் குறுக்கே படுத்து, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுநடுவே ஒரு பெருமூச்சு விடும். ஒன்றும் செய்யாது. "இந்த வீட்டுல சம்பளம் இல்லாம மேனேஜர் வேலை பாக்குறது இவன் ஒருத்தன்தான்" என்றார் அப்பா. அப்படியே நிலைத்துவிட்டது.

அத்தை மகன் அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறார். கல்யாணம் ஆகியிருந்தது. போன வருடம் மனைவி பிரிந்து போய்விட்டார். யார் மேல் தப்பு என்று எனக்குத் தெரியாது, அத்தையும் கேட்கவில்லை. போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். விசாவுக்கு விண்ணப்பித்தாள். மறுத்துவிட்டார்கள். மறுபடி விண்ணப்பித்தாள். மறுபடியும் மறுத்து ஒரு கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன்: நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

அத்தை கொஞ்ச நேரம் அந்தக் கடிதத்தையே பார்த்தாள். "வேலை இருக்கு, வீடு இருக்கு, தம்பி இருக்கான். வேற என்னத்தைக் காட்டுறது? ஒரு தடவை போயிட்டுத் திரும்பி வந்து காட்டினாத்தான் நம்புவாங்களா?"

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை மகன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. சாப்பாடு, வேலை, குளிர் என்று பேசிவிட்டு, வைக்கப் போகும்போது சொன்னார்: "வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா, காலையில குடிச்ச கப்பு வச்ச இடத்துலேயே இருக்கும்மா. அதைப் பாக்குறதுதான் ஒரு மாதிரி இருக்கு."

அத்தை "ம்" என்றாள். எட்டாவது நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏன்டி, நாயை அங்க அனுப்ப என்னென்ன வேணும்னு பாரு" என்றாள்.

பார்த்தேன். பார்த்த அன்றே இது நடக்காது என்று நினைத்தேன். முதலில் நாயின் தோலுக்கு அடியில் அரிசி மணி அளவில், அடையாள எண் பதிந்த ஒரு சிப் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, அந்த நாடு ஏற்றுக்கொள்ளும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு நல்லபடியாக வந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் சும்மா காத்திருக்க வேண்டும். பிறகு இறக்குமதி அனுமதி. பிறகு பயணத்துக்குப் பத்து நாளுக்குள் ஆரோக்கியச் சான்றிதழ். பிறகு அரசு முத்திரை. நடுவில் கூண்டின் அளவு, தண்ணீர்க் கிண்ணத்தின் அளவு, நாய் நின்றால் தலைக்கு மேல் எத்தனை விரல் இடம் இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு தாள். இதெல்லாம் அந்த ஒரு நாட்டின் விதி. வேறு நாட்டுக்கு வேறு மாதிரி இருக்கும்.

நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். அதனால் படிவம் நிரப்புகிற வேலை எனக்கு. அலைகிற வேலை அத்தைக்கு. இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும், சோப்பு வாடை மாறாத அதே சட்டையோடு நேராக ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போவாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் காலணியைக் கழற்றி, பாதத்தைத் தரையின் குளிர்ச்சியில் வைத்துக்கொள்வாள். "இன்னைக்கு என்ன இல்லன்னு சொல்லப் போறாங்களோ" என்பாள். ஏதாவது ஒன்று இல்லாமல்தான் இருக்கும். போட்டோவில் நாயின் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். மடிந்த காதை எப்படி நிமிர்த்துவது? அத்தை பின்னால் நின்று காதைப் பிடித்துக்கொள்ள, நான் படம் எடுத்தேன். படத்தில் அத்தையின் இரண்டு விரல் தெரிந்தது. அதையும் திருப்பி அனுப்பினார்கள்.

இப்படி எட்டு மாதம். ஃபைல் தலையணை மாதிரி தடித்துப்போனது. அத்தை அதை விரிப்பு அடுக்குகிற மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்த்து அடுக்கி வைத்திருந்தாள். வியாழக்கிழமை விமானம். அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் கடைசி முத்திரைக்காக மூன்றாம் எண் கவுண்டருக்குப் போனோம். அங்கேதான் நான் முதலில் சொன்ன கேள்வி.

கேள்விக்குப் பதில் வராததால் கவுண்டர்க்காரர் மறுபடி காகிதத்துக்குள் தலையை விட்டார். "பேரு மேனேஜரா? எந்தக் கம்பெனிக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தடுப்பூசிப் புத்தகத்தின் பக்கத்தில் விரலை வைத்தார். விரல் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது.

"ஊசி பன்னிரண்டாம் தேதி. சிப் பத்தொன்பதாம் தேதி. என்னம்மா இது?"

"என்ன?" என்றாள் அத்தை.

"சிப் வச்சப்புறம்தான் ஊசி போடணும். சிப் இல்லாத நாய்க்கு ஊசி போட்டா, அது எந்த நாய்க்குப் போட்ட ஊசின்னு அங்க இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊசி செல்லாது. ஊசி செல்லலைன்னா ரத்தப் பரிசோதனை செல்லாது. மறுபடி முதல்லேர்ந்து வரணும்."

"சிப்புதான் முதல்ல வச்சாங்க. நான் கூடவே இருந்தேன்."

"புத்தகத்துல அப்படி இல்லையே. இந்தத் தேதியை எழுதினது யாரு? டாக்டர் கையெழுத்து மாதிரி இல்லையே."

அத்தை புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். முத்து முத்தான எழுத்து. "நான்தான்," என்றாள்.

"நீங்க எதுக்கும்மா எழுதுனீங்க?"

"கட்டம் காலியா இருந்தது."

நடந்தது இதுதான். மூன்றாம் தேதி சிப் வைத்தார்கள். அன்று கால்நடை மருத்துவமனையில் கூட்டம். கம்பவுண்டர் சிப்பின் எண் அச்சிட்ட ஸ்டிக்கரைப் புத்தகத்தில் ஒட்டினார். தேதிக் கட்டத்தை நிரப்புவதற்குள் யாரோ ஒரு கிளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள், டாக்டர் அந்தப் பக்கம் போய்விட்டார். பன்னிரண்டாம் தேதி ஊசி. பத்தொன்பதாம் தேதி சிப்பின் பதிவு அட்டை தபாலில் வந்தது. அட்டையைப் புத்தகத்துக்குள் வைக்கப் போன அத்தை, காலிக் கட்டத்தைப் பார்த்தாள். அவளால் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அட்டை திரும்பி வந்த தேதியைப் போட்டாள். இருபத்து மூன்று வருடப் பழக்கம். அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் நான் எல்லாப் படிவத்தையும் நிரப்பினேன். எனக்கும் உறைக்கவில்லை. அந்த விதியை எழுத்துக்கூட்டிப் படித்தவளே நான்தான்.

முதலிலிருந்து என்றால் இன்னும் நான்கு மாதத்துக்கு மேல். அதற்குள் வெயில் காலம் வந்துவிடும். வெயில் மாதங்களில் விமானத்தில் நாயை ஏற்றமாட்டார்கள். அனுமதியும் காலாவதியாகும். பதினோரு வயது நாய்க்கு அடுத்த வருடம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கவுண்டர்க்காரர் கெட்டவர் இல்லை. முத்திரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சிப் வச்ச டாக்டரோட பதிவேட்டுல சரியான தேதி இருக்கும்ல? அந்த அசல் பதிவேடு வேணும். டாக்டர் ஒரு கடிதம் தரணும். தப்பா எழுதினது எப்படின்னு நீங்க ஒரு விளக்கம் எழுதித் தரணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள வந்தா ஆபீசர் மேடம்கிட்ட வச்சுப் பாக்குறேன். முடிவு அவங்க கையில."

வீட்டுக்கு வந்தோம். மேனேஜர் கதவுக்குக் குறுக்கே படுத்திருந்தது. அத்தை அதைத் தாண்டி உள்ளே போய், காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விடுக்கா," என்றார். "இதுவும் நல்லதுக்குத்தான். நாய் போயிட்டா மாடியில நீ தனியா என்ன பண்ணுவ? அவன் அங்க வேற ஒண்ணு வாங்கி வளத்துக்கட்டும். உனக்கும் ஒரு துணை."

அப்பா சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. எட்டு மாத அலைச்சல், இன்னும் ஐந்தே நாள், முடியாவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. நாய் இங்கேயே இருக்கும். யாருமே அத்தையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

சாயங்காலம் அத்தை மகன் போன் செய்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "அம்மாகிட்ட குடு" என்றார். ஸ்பீக்கரை அணைக்க எனக்குத் தோன்றவில்லை.

"அம்மா, அவனை அனுப்ப மனசில்லாம நீ வேணும்னே எழுதலையே?"

அத்தை போனைப் பார்த்தாள். மேனேஜர் அந்தக் குரலுக்குக் காதைத் தூக்கியது, மடியாத காதை மட்டும்.

"வேணும்னு எழுதுறவளா இருந்தா, எட்டு மாசம் அலைஞ்சிருக்க மாட்டேன்ப்பா," என்றாள். "சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"போய்ச் சாப்பிடு."

போனை வைத்ததும் என்னிடம் திரும்பினாள். "நாளைக்கு ரெண்டரைக்கு வந்துடு. டாக்டரைப் பாக்கணும்." அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அந்த ராத்திரி ரொட்டியை ஊறவைக்க மறந்துவிட்டாள். மேனேஜர் காய்ந்த ரொட்டியை மென்றது.

வெள்ளிக்கிழமை போனால், அந்தக் கால்நடை மருத்துவமனையில் டாக்டர் மாறியிருந்தார். பழைய டாக்டர் ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறதாம். புது டாக்டர் இளைஞர், எல்லாம் கணினியில்.

"பழைய நோட்டெல்லாம் என்கிட்ட இல்லையே. கம்பவுண்டர் அள்ளிக்கிட்டுப் போனாரு. தூக்கிப் போட மனசு வரலைன்னாரு."

"அவர் இப்ப எங்க இருக்காரு?"

"பஸ் டிப்போ பக்கத்துல கோழித் தீவனக் கடையில."

டிப்போவுக்கு நடந்தோம். தீவனக் கடையில் கம்பவுண்டர் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்த்ததும், "மேனேஜர் எப்படி இருக்காரு? பதவி உயர்வு வந்துச்சா?" என்றார்.

அத்தை சிரிக்கவில்லை. "பழைய பதிவேடு வேணும். சிப் வச்ச மாசம்."

கம்பவுண்டர் தலையைச் சொறிந்தார். "நாலு நோட்டு இருக்கு. மூணு வீட்டுல. ஒண்ணு..." என்று இழுத்து, தராசைக் காட்டினார். "தரை மேடு பள்ளமா இருக்கு. தராசு ஆடுதுன்னு அடியில வச்சேன்."

அந்த மூன்றும் வேறு மாதமாக இருந்து, தராசுக்கு அடியில் இருப்பதுதான் எங்களுக்கு வேண்டியது என்று ஆகக்கூடாதே என்று நினைத்தேன். அதுதான் ஆனது. தராசைத் தூக்கி, தீவனத் தூள் அப்பியிருந்த நோட்டை உருவினார். அட்டை நசுங்கியிருந்தது, மூலைகள் எலி கடித்தது போல இருந்தன. அத்தை சட்டை நுனியால் துடைத்துவிட்டு, கடை வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மூன்றாம் தேதி. நாய், பழுப்பு, மேனேஜர். பக்கத்திலேயே சிப் எண்ணின் ஸ்டிக்கர். கீழே டாக்டரின் சுருக்கக் கையெழுத்து.

"நான் ஒட்டாம விட்ட ஸ்டிக்கரே கிடையாதும்மா," என்றார் கம்பவுண்டர். "தேதி எழுத மறப்பேன், ஸ்டிக்கர் ஒட்ட மறக்கமாட்டேன். அதுசரி, இதை எடுத்துட்டுப் போனா என் தராசு?"

அத்தை எழுந்தாள். ஒரு காலி சாக்கை எடுத்து உதறினாள். இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து, கைவிளிம்பால் தட்டித் தட்டித் தட்டையாக்கி, தராசுக்கு அடியில் செருகினாள். கம்பவுண்டர் ஒரு மூட்டையை வைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இவ்வளவு நாள் இது தெரியாமப் போச்சே," என்றார்.

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி, பழைய டாக்டரைத் தேடிப் போனோம். மகள் வீட்டில் இருந்தார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பதிவேட்டைப் பார்த்ததும் அவருக்கே நினைவு வந்தது. "கிளிக்கு இறக்கை ஒடிஞ்ச அன்னைக்குத்தானே?" என்றார். பிறகு, "எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? புதுப் புத்தகம் ஒண்ணு தரேன். தேதியெல்லாம் சரியாப் போட்டுக் கையெழுத்தும் போட்டுடுறேன். இதைக் கிழிச்சுப் போட்டுடுங்க," என்றார்.

அத்தை ஒரு நிமிடம் யோசித்தாள் என்றே நினைக்கிறேன். அந்த மூன்று நாளில் அவள் முகம் அவ்வளவு சோர்ந்திருந்தது. "இதோட நகல் அங்க வாங்கி வச்சுட்டாங்க டாக்டர். ரெண்டு புத்தகம் இருந்தா, ரெண்டையும் நம்பமாட்டாங்க. கடிதமே குடுங்க."

டாக்டர் நான்கு வரி எழுத அரை மணி நேரம் ஆனது. நடுங்கிய எழுத்துதான், ஆனால் தேதி தெளிவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை விளக்கம் எழுத உட்கார்ந்தாள்.

சலவைப் பிரிவில் குறைச்சீட்டு என்று ஒன்று உண்டு. எண்ணிக்கையில் தப்பு வந்தால், தப்புச் செய்தவர் அதில் என்ன நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அத்தை எத்தனையோ பேரிடம் அப்படி எழுதி வாங்கியிருக்கிறாள். அவள் கையெழுத்துப் போட்ட குறைச்சீட்டு ஒன்றுகூட இல்லை. அங்கே புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள்.

"நான் எழுதித் தரட்டுமா அத்தை?" என்றேன்.

"தப்பு பண்ணினது நீயா?"

முதல் தாளில் எட்டு வரி எழுதி, கிழித்தாள். கிழித்ததை நான் எடுத்துப் பார்த்தேன். 'இதை நான் வேண்டுமென்றே செய்யவில்லை' என்று ஒரு வரி இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் கிழிச்சீங்க?"

"அதை அவங்க கேக்கலையே," என்றாள். கேட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது தாளில் எழுதியது இது. என்னிடம் நகல் இருக்கிறது, அப்படியே தருகிறேன்:

'நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே பொருள் திரும்பி வந்த தேதியைத்தான் பதிவேட்டில் எழுதுவோம். போன தேதியை எழுதுவதில்லை. அந்தப் பழக்கத்தில், சிப் வைத்த தேதிக்குப் பதிலாக, அதன் அட்டை தபாலில் வந்த தேதியை நாயின் புத்தகத்தில் எழுதிவிட்டேன். டாக்டரோ கம்பவுண்டரோ இதை எழுதவில்லை. தப்பு என்னுடையது. சிப் வைத்தது மூன்றாம் தேதி. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.'

கீழே கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மணி மத்தியானம் மூன்றுகூட ஆகவில்லை. மேனேஜர் எழுந்து வந்து, அவள் காலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது.

திங்கட்கிழமை மூன்றாம் எண் கவுண்டர். அவர் பதிவேட்டை வாங்கி மேசையில் வைத்ததும் தீவனத் தூள் பறந்தது. கைக்குட்டையால் துடைத்தார். டாக்டர் கடிதத்தைப் படித்தார். அத்தையின் விளக்கத்தைப் படித்தார். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒன்றேகால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தை காலணியைக் கழற்றவில்லை. உள்ளே ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் நாலு தடவை எழுந்து வாசல் வரை நடந்தேன். "உக்காருடி, நீ நடந்தா சீக்கிரம் வந்துடுமா?" என்றாள்.

கவுண்டர்க்காரர் வெளியே வந்தார்.

"மேடம் ரெண்டு தடவை படிச்சாங்க."

"என்ன சொன்னாங்க?"

"கையெழுத்து நல்லா இருக்குன்னாங்க." உட்கார்ந்து, முத்திரையை மையில் ஒற்றினார். "சரின்னுட்டாங்க. வியாழக்கிழமை போகலாம்."

ஒரு தாள், இன்னொரு தாள், மூன்றாவது தாள் என்று குத்திக்கொண்டே போனார். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம், பெரிய மூட்டை ஒன்றை இறக்கி வைத்தவள் முகம் மாதிரிகூட இல்லை. இறக்கிய மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி இருந்தது.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க," என்றாள் திடீரென்று. "அங்க நாய் கிடைக்காதான்னு."

அவருக்கு நினைவில்லை. "கேட்டேனா?"

"கிடைக்கும். எம்புள்ள தனியா இருக்கான். நான் போறேன்னு ரெண்டு தடவை கேட்டேன், விடலை. இவன் எங்கூட ஒன்பது வருஷம் இருந்தவன். இவன் பேப்பராவது சரியாயிடுச்சே. இவனாவது போகட்டும்."

அவர் கடைசித் தாளின் முத்திரை மை காய்வதற்காக அதை எடுத்து ஊதினார். வழக்கமாக அவர் ஊதுவதில்லை.

வியாழக்கிழமை காலை அத்தை விடுப்புப் போட்டாள். விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் கூண்டை எடை மேடையில் வைத்தார்கள். உள்ளே விரிக்க அத்தை தன்னுடைய பழைய வேலைச் சட்டையை மடித்து வைத்திருந்தாள். மேனேஜர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கூண்டுக் கதவுக்குக் குறுக்கே படுத்து, பெருமூச்சு விட்டது. கிடங்கு ஊழியர் ஃபைலைப் பிரித்துப் பார்த்தார்.

"யாரு அடுக்கினது? பத்து வருஷத்துல இவ்வளவு சுத்தமா ஒரு ஃபைல் நான் பாத்ததில்ல."

அத்தை காதில் வாங்கவில்லை. கூண்டின் கம்பிக்குள் விரலை விட்டு, மடிந்த காதை ஒரு தடவை நிமிர்த்திவிட்டாள். அது மறுபடி மடிந்துகொண்டது. தள்ளுவண்டி வந்து கூண்டைக் கொண்டுபோனது. ரசீதில் புறப்பட்ட தேதியைக் குறித்து அத்தையிடம் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டாள்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டு மாடியில் ஏறியதும், கதவருகே காலை அகலமாகத் தூக்கி வைத்துத் தாண்டினாள். அங்கே தாண்டுவதற்கு எதுவும் இல்லை. மறுநாள் ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை அத்தை மகன் போன் செய்தார். நாய் வந்து சேர்ந்துவிட்டது. அங்கே காகிதத்தைப் பார்த்தவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.

"சாப்பிட்டானா?"

"இன்னைக்குத்தான் சாப்பிட்டான். ரொட்டியைப் பால்ல ஊறவச்சுக் குடுத்தேன். நீ எழுதி அனுப்பின மாதிரி."

"எங்க படுத்திருக்கான்?"

"கதவுக்குக் குறுக்க. ராத்திரி வேலையிலேர்ந்து வந்தேன்மா, கதவைத் தள்ளவே முடியல. இடிச்சுக்கிட்டே உள்ள வந்தேன்."

"அப்படித்தான் படுப்பான்," என்றாள் அத்தை.

வைக்கப் போகும்போது அவர் மறுபடி ஆரம்பித்தார்.

"அம்மா, அன்னைக்கு நான் உன்னை ஒண்ணு கேட்டேன்ல..."

"எதைக் கேட்டே?"

"ஒண்ணுமில்ல."

"சரி, வை. நாளைக்கு ஞாயிறும் எனக்கு வேலை."

வைத்த பிறகு எழுந்து போய், ஃபைலிலிருந்த அனுப்பும் ரசீதை எடுத்தாள். புறப்பட்ட தேதிக்குப் பக்கத்தில், தன் முத்தான எழுத்தில் இன்னொரு தேதியை எழுதினாள். அன்றைய தேதி. அது போய்ச் சேர்ந்த செய்தி திரும்பி வந்த தேதி. பிறகு ஃபைலை மூடி அலமாரியில் வைத்தாள்.

மூன்றாவது விண்ணப்பம் எப்போது போடப்போகிறாள் என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

ஆனால் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவிலோ உங்கள் வேலையிடத்திலோ யாராவது நாயையோ பூனையையோ வெளிநாட்டுக்கு அனுப்பக் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். போகிற நாட்டின் விதியை முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சிப் வைத்த அன்றே, டாக்டர் கையாலேயே அந்தத் தேதியை எழுதி வாங்கச் சொல்லுங்கள். கட்டம் காலியாக இருந்தால் தாங்களாகவே எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து களைத்துப்போயிருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அவர்கள் சொல்லட்டும்.